எஃப் தளத்தின் இரண்டு அறைகள்

முதுகலைத் தமிழ் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை மரக்காணத்து உப்பளங்களுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெய்தலையும் உமணரையும் கரும்பலகையில் எழுதி விளக்குவதைக் காட்டிலும், வெள்ளை வெளேரென்று வெயில் எதிரடிக்கும் பாத்திகளின் வரப்பில் நிற்கவைத்து விளக்குவது எளிது.

சென்ற கோடையில் அப்படி நின்றிருந்தபோது, வரப்போரம் பழைய நீரிறைக்கும் எஞ்சின் ஒன்று கிடந்தது. மாணவர் ஒருவர் அதைத் தொட்டார். இரும்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து அவர் கையோடு வந்தது. "மூணு வருசங்கூடத் தாங்கல சார், உப்புக்காத்து தின்னுடுச்சு" என்றார் அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர். சற்று நேரங்கழித்து அவர் வேலையை நிறுத்திவிட்டுத் தம் தூக்குச்சட்டியைத் திறந்தார். பழைய சோறும் கருவாடும் இருந்தன. இரும்பை மூன்றாண்டில் தின்று தீர்த்த அதே உப்புதான் அந்த மீனைக் கெடாமல் காத்து வைத்திருந்தது.

கடல் எதைத் தின்னும், எதைக் காக்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. அதற்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, எதிர்பாராத விதமாக டைட்டானிக் கப்பலின் உள்ளறைகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். மரக்காணத்திலிருந்து வட அட்லாண்டிக் வெகுதூரம் என்று தோன்றலாம். ஆனால் இடையே ஒரு நீர்வழி உண்டு.

மரக்காணத்தோடு முடிவடைகிறது பக்கிங்ஹாம் கால்வாய். கடலை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்று, சென்னையைக் கடந்து, கிருஷ்ணா ஆற்றின் கழிமுகக் கால்வாய்களோடு இணைந்த நீர்வழி அது. 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும்பஞ்சக் காலத்தில், நிவாரணப் பணியாக அதன் சென்னைப் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் நெடுங்காலம் ஓடின. அதன் வடமுனைக்கு அப்பால் இருப்பது குண்டூர். இன்று ஆந்திரத்தில் உள்ள அவ்வூர், அன்று மரக்காணத்தைப் போலவே சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

அந்தக் குண்டூரில் 1899 அக்டோபரில் பிறந்தவர் ரூத் பெக்கர். தந்தை ஆலன் பெக்கர் அமெரிக்க லூத்தரன் மிஷனைச் சேர்ந்தவர். 1912-இல் ரூத்தின் தம்பி ரிச்சர்டுக்கு உடல்நலம் குன்றியது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. இந்தியத் தட்பவெப்பத்தை விட்டு அகன்றால்தான் பிழைப்பான் என்று கருதி, தாய் நெல்லி மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திற்குப் புறப்பட்டார். தந்தை இந்தியாவிலேயே தங்கினார். இங்கிலாந்து வந்து சேர்ந்த நால்வரும், ஏப்ரல் 10 அன்று சௌதாம்டன் துறைமுகத்தில் டைட்டானிக்கில் ஏறினார்கள். இரண்டாம் வகுப்பு, எஃப் தளத்தில் நான்காம் எண் அறை. ரூத்துக்கு வயது பன்னிரண்டு.

பின்னர் நடந்தது உலகறிந்த கதை. ஏப்ரல் 14 இரவு 11:40 மணிக்குப் பனிப்பாறையில் மோதல். மறுநாள் விடியுமுன் 2:20 மணிக்கு முழுமையான மூழ்கல். ஏறத்தாழ 2200 பேரில் 1500 பேர் மாண்டனர். அந்தக் கதையைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று. எஃப் தளத்தில் இருந்த இரண்டு அறைகளைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். ஒன்று, ரூத்தும் அவர் குடும்பமும் தங்கிய அறை. மற்றொன்று, அதே தளத்தின் முன்பாதியில், முதல் வகுப்புப் பயணிகளுக்காக மட்டும் கட்டப்பட்ட துருக்கியக் குளியலின் ஓய்வறை.

*

கப்பல் இரண்டாக முறிந்து, ஏறத்தாழ 3800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 600 மீட்டர் இடைவெளி. 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ழான் லூயி மிஷேலும் தலைமையேற்ற அமெரிக்க, பிரெஞ்சுக் கூட்டுக்குழு அதைக் கண்டறிந்தது. மறு ஆண்டே பல்லார்ட் ஆல்வின் என்ற ஆழ்கடல் ஊர்தியில் இறங்கினார். அதனோடு கம்பிவடத்தால் பிணைத்த ஜேசன் ஜூனியர் என்ற சிறு இயந்திரக் கண்ணை, முதல் வகுப்பின் பெரும் படிக்கட்டு இருந்த இடத்தின் வழியே உள்ளே அனுப்பினார். படிக்கட்டு இல்லை. ஓக் மரத்தில் இழைத்துச் செய்த அந்தப் பெருமிதம் முழுவதும் மறைந்து, கிணறு போன்ற வெற்றிடமே எஞ்சியிருந்தது. மூழ்கும்போதே பெயர்ந்து மிதந்து சென்றது என்பாரும், மரந்தின்னும் கடலுயிர்களுக்கு இரையாயிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், அந்தக் கிணறே பின்வந்த ஆய்வுகளுக்கெல்லாம் வாயிலாயிற்று.

1995-இல் தம் திரைப்படத்துக்காக இறங்கிய ஜேம்ஸ் கேமரன், 2001-இலும் 2005-இலும் ஆய்வு நோக்கோடு மீண்டும் சென்றார். இம்முறை இயந்திரங்கள் சிறியவை, இடுக்குகளில் நுழையக்கூடியவை, மெல்லிய இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே செல்பவை. அவை காட்டிய காட்சிகள், எல்லாம் அழிந்திருக்கும் என்ற எண்ணத்தை மாற்றின. டி தளத்து வரவேற்பறையின் ஈயச்சட்டமிட்ட கண்ணாடிச் சன்னல்கள் நின்றன. ஹென்றி ஹார்ப்பர் என்ற பயணியின் அறையில் அவரது வட்டத்தொப்பி தெரிந்தது. எடித் ரஸ்ஸலின் அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. ஸ்ட்ராஸ் தம்பதியரின் கூடத்தில், கணப்படுப்பின் மாடத்தின்மேல் கடிகாரம் சாயாமல் நின்றிருந்தது. கணவரை விட்டுப் படகேற மறுத்து அவரோடு மாண்டவர் ஐடா ஸ்ட்ராஸ். அந்தக் கடிகாரத்தைப் பற்றிப் படித்தபோது அதை மேலே கடந்து செல்ல என்னால் உடனே இயலவில்லை.

இவையெல்லாவற்றிலும் முழுமையாக எஞ்சியது எஃப் தளத்தின் துருக்கியக் குளியல் ஓய்வறை. 2005-இல் கேமரனின் இயந்திரம் அதனுள் நுழைந்தது. நீலமும் பச்சையும் கலந்த ஓடுகள் நிறம் மங்காமல் சுவரில் இருந்தன. பொன்முலாம் பூசிய வேலைப்பாடுகள் விளக்கொளியில் மின்னின. மரவேலைகள் சிதையாமல் நின்றன. சாய்வு இருக்கைகளின் வடிவமும் தெரிந்தது. அன்று அங்கே ஒருமுறை செல்லக் கட்டணம் நான்கு ஷில்லிங், அதாவது ஒரு டாலர். முற்பகல் பெண்களுக்கும் பிற்பகல் ஆண்களுக்கும் உரியது.

எப்படி எஞ்சியது? விடை உப்பிலில்லை, ஓட்டத்திலிருக்கிறது. அந்த அறை கப்பலின் வயிற்றுக்குள் ஆழமாக அமைந்தது. வெளி நீரோட்டம் அங்கே எட்டுவதில்லை. நீர் மாறாததால் உயிர்வளியும் குறைவு. எனவே மரந்தின்னும் உயிர்களும் இரும்புண்ணும் நுண்ணுயிர்களும் பிற இடங்களைப் போல அங்கே செழிக்கவில்லை. அங்கிருந்த மரம் தேக்கு என்பதும் ஒரு காரணம். ஓக் நிற்காத இடத்தில் தேக்கு நிற்கும். இம்மரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், நம் கரையில் வழங்கும் தேக்கு என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றடைந்த வடிவமே. மரத்தோடு பெயரும் கப்பலேறிப் போயிருக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. முன்பகுதியில் கடல்நீர் படிப்படியாகப் புகுந்தது. கப்பல் மேற்பரப்பை விட்டு மறையும்போது அது பெரும்பாலும் நீரால் நிறைந்திருந்தது. உள்ளும் புறமும் அழுத்தம் சமமானதால் நசுங்காமல், ஒருவகை நிதானத்தோடு இறங்கித் தரையில் அமர்ந்தது.

*

பின்பகுதிக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. அது கடைசிவரை நீருக்கு மேலே நின்றது. அதனுள் காற்று அடைபட்டிருந்தது. மூழ்கத் தொடங்கியதும் ஆழத்தின் அழுத்தம் அந்தக் காற்றறைகளை வெளியிலிருந்து நொறுக்கியது. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பக்கத்தகடுகள் கிழிந்து விரிந்தன. இன்று அங்கே கிடப்பது முறுக்கிப் பிழிந்த இரும்புக் குவியல். அறையென்று சொல்லி உள்ளே நுழைய இடமில்லை. எந்த இயந்திரக் கண்ணும் அதன் உள்ளறைகளில் முன்பகுதியில் போல உலவ முடிந்ததில்லை.

இரண்டாம் வகுப்பின் அறைகள் அமைந்திருந்தது அந்தப் பின்பகுதியில்தான். மூன்றாம் வகுப்பினருள் பெண்களும் குடும்பங்களும் தங்கியிருந்ததும் பெரும்பாலும் அங்கேதான். எனவே, முதல் வகுப்பின் தொப்பியும் கண்ணாடியும் கடிகாரமும் நமக்குக் கிடைத்தன. குண்டூர்க் குடும்பம் தங்கிய நான்காம் எண் அறை கிடைக்கவில்லை. கடல் வகுப்பு பார்த்து அழிப்பதில்லை. ஆனால் வகுப்பு பார்த்து மனிதன் கட்டிய கப்பலில், அழிவும் அந்த வரைபடத்தின்படியே நடந்துவிட்டது. கடலடியில் பண்பாட்டு எச்சம் என்று நாம் வியப்பது யாருடைய எச்சம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான்காம் எண் அறையில் எஞ்சியது சொல் மட்டுமே. அச்சொல்லும் எளிதில் கிடைத்ததன்று. தாய் நெல்லியால் அவ்விரவைப் பற்றி அழாமல் பேச முடிந்ததில்லை என்பர். ரூத் வளர்ந்து ஆசிரியரானார், மணந்தார், மக்களைப் பெற்றார். டைட்டானிக்கில் தாம் இருந்ததை நெடுங்காலம் அவர் பேசவில்லை. சிறுவயதில் அவருடைய பிள்ளைகளுக்கே அது தெரியாது. பணி ஓய்வுக்குப் பிறகு, முதுமையில்தான் பேசத் தொடங்கினார்.

அவர் சொன்னவற்றைப் படித்தால், அறை மீண்டும் எழுகிறது. கப்பலில் எல்லாமே புத்தம் புதியவை என்பது அச்சிறுமியின் முதல் வியப்பு. ரிச்சர்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தளத்தில் உலவியதை நினைவுகூர்கிறார். பிறகு அந்த இரவு. அவர்கள் விழித்தது ஓசையால் அன்று. இடையறாது துடித்துக்கொண்டிருந்த இயந்திரங்களின் ஓசை நின்றதால். உடுத்திக்கொள்ள நேரமிருக்கிறதா என்று தாய் கேட்டபோது, எதற்கும் நேரமில்லை என்று பணியாளர் சொல்லிவிட்டார். மேலே காத்திருக்கையில் குளிர் தாங்காது என்று உணர்ந்த தாய், போர்வைகளை எடுத்துவர மகளைத் திரும்ப அனுப்புகிறார். கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கும்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தனியே இறங்கி, அந்த அறைக்குள் சென்று, போர்வைகளைச் சுமந்துகொண்டு மேலேறி வருகிறாள்.

தம்பியும் தங்கையும் பதினொன்றாம் எண் படகில் ஏற்றப்பட்டார்கள். தாயும் அதில் ஏறிக்கொண்டார். ரூத்துக்கு இடமில்லை. அவர் பதின்மூன்றாம் படகில் ஏறினார். இறங்கும்போது, மேலிருந்து வந்த பதினைந்தாம் படகு அதன்மேல் அமர்ந்து நசுக்கவிருந்தது. கடைசி நொடியில் கயிற்றை அறுத்துத் தப்பினார்கள். எடுத்துவந்த போர்வைகள், கொதிகலன் அறையிலிருந்து மெல்லிய உடையோடு வந்து நடுங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்குப் பயன்பட்டன. கார்பேதியா கப்பலில் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்ந்தது.

அந்த அறையிலிருந்து மீட்கப்பட்ட பொருள்கள் அவ்வளவே: சில போர்வைகள். அவற்றையும் மீட்டது கூலி பெற்ற நிறுவனம் அன்று, ஒரு சிறுமி. அவற்றை அவள் காட்சிக்கு வைக்கவில்லை. குளிரில் நடுங்கியவர்களுக்குக் கொடுத்தாள்.

ரூத்தின் நீண்ட மௌனத்தை நான் துருக்கியக் குளியலறையோடு சேர்த்தே நினைக்கிறேன். அடிக்கடி சொல்லப்படும் நினைவு ஓட்டத்தில் தேய்கிறது. பிறர் சொன்னவை அதில் கலக்கின்றன. அவர் நினைவோ நெடுநாள் மூடிக்கிடந்த அறை. ஆனால் இந்த ஒப்புமையை அதிகம் நீட்டக்கூடாது. மௌனத்தைக் கடந்து பேச அவர் உயிரோடு இருந்தார். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள ஜாஞ்சகீரில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய ஆனி ஃபங்க் என்ற அமெரிக்க மிஷனரியும் அதே இரண்டாம் வகுப்பில் பயணம் செய்தார். நோயுற்ற தாயைக் காணத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 12 அன்று கப்பலிலேயே அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறைந்தது. மூன்று நாள் கழித்து அவர் இல்லை. அவர் தங்கிய அறை இரும்பிலும் எஞ்சவில்லை, சொல்லிலும் எஞ்சவில்லை.

*

இனி, எஞ்சியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி. 1987 முதல் 5500-க்கும் மேற்பட்ட பொருள்கள் அங்கிருந்து எடுத்துவரப்பட்டுள்ளன. ஏழு வயதில் அக்கப்பலில் தந்தையை இழந்த ஈவா ஹார்ட் அதைக் கல்லறைக் கொள்ளையாகவே கண்டார். 2020-இல், மீட்புரிமை பெற்ற நிறுவனம் மார்க்கோனி தந்தியறையின் கூரையைப் பிளந்து கருவியை எடுக்க, அமெரிக்க நீதிமன்றத்திடம் அனுமதி பெற்றது. ஜாக் பிலிப்ஸும் ஹெரால்ட் பிரைடும் கடைசிவரை உதவி கேட்டுச் செய்தி அனுப்பிய கருவி அது. 705 பேரோ சற்று மிகுதியாகவோ பிழைத்தார்கள் என்றால், அதற்கு அக்கருவி காரணம். அமெரிக்க அரசு எதிர்த்தது, திட்டம் நிறைவேறவில்லை. 2023 ஜூன் மாதம், டைட்டன் என்ற சிறு ஊர்தி அழுத்தத்தில் நொறுங்கி ஐவர் மாண்டனர். அக்கப்பலுக்குப் பலமுறை இறங்கி வந்த பால் ஆன்ரி நார்ஜொலே அவர்களுள் ஒருவர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தமிழாசிரியனான எனக்கு இதைப் பற்றி யோசிக்க ஆதிச்சநல்லூரே துணை. 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். தாழிகள் திறக்கப்படாவிட்டால் பொருநைக் கரையின் தொன்மையை நாம் அறிந்திருக்க மாட்டோம். ஆனால் யாரோ ஒருவரின் உற்றார் அழுது மூடிய தாழி அது. திறந்தபின் மீண்டும் மூடமுடியாது. பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு என்றே எண்ணுகிறேன். ஓய்வறைக்குள் நுழைந்த இயந்திரம் எதையும் தொடாமல் திரும்பியது. அறிவு கிடைத்தது, அறையும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் எத்தனை நாள் இருக்கும்? கப்பலின் துருவிழுதுகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரி வகைக்கு 2010-இல் ஹாலோமோனாஸ் டைட்டானிகே என்று பெயரிட்டார்கள். இரும்பு அதன் வாழிடம். மாலுமித் தலைவர்களின் அறைகள் சரிந்துவருவதை 2019-இல் இறங்கியவர்கள் கண்டனர். திரைப்படத்தால் உலகப் புகழ்பெற்ற முகப்புக் கம்பிவேலியின் ஒரு பகுதி விழுந்துவிட்டதை 2024-இல் எடுத்த படங்கள் காட்டின. இதற்கிடையில், 2022-இல் ஏறத்தாழ ஏழு இலட்சம் படங்களைக் கொண்டு கப்பலின் முழு வடிவத்தையும் கணினியில் உருவாக்கிவிட்டார்கள். அதில், பின்பகுதியின் ஒரு நீராவி அடைப்பிதழ் திறந்த நிலையில் தெரிகிறது. கடைசிவரை விளக்குகள் எரிய நீராவி ஓட்டத்தைப் பொறியாளர்கள் நிறுத்தாதிருந்தார்கள் என்ற சாட்சியங்களுக்கு அது பொருந்துகிறது. மீண்டும் சொல்தான் முந்தியிருக்கிறது. இரும்பு பின்னால் வந்து ஆமென்கிறது.

1990-இல், எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ரூத் மீண்டும் கப்பலேறி மெக்சிகோவுக்குச் சென்று வந்தார். அவ்வாண்டு ஜூலையில் காலமானார். அவரது சாம்பல், பின்னர், கப்பல் மூழ்கிய இடத்திற்கு மேலே கடலில் தூவப்பட்டது. போர்வை எடுக்கக் கீழிறங்கிய சிறுமி, கடைசியாக ஒருமுறை அத்திசையில் இறங்கினாள்.

துருக்கியக் குளியலுக்கு அருகில் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதன் வழியிலுள்ள நீர்புகாக் கதவு அன்றிரவு மூடப்பட்டது. இன்றும் மூடியே இருக்கிறது. உள்ளே என்ன எஞ்சியிருக்கிறது என்பதை எவரும் கண்டதில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனமும், பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மனமும் எனக்கு இருக்கின்றன.

மரக்காணத்திலிருந்து திரும்பும்போது, எஞ்சினின் துருப்பிடித்த ஏடொன்றை ஒரு மாணவி கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டார். அதை விட்டுவிட்டு, அந்தப் பெரியவரிடம் கேட்டதை இன்றிரவே எழுதி வையுங்கள் என்றேன். பேருந்தில் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். எத்தனை வயதில் அளத்துக்கு வந்தார், எந்த ஆண்டுப் புயலில் பாத்திகள் கரைந்தன, கால்வாயில் உப்புப் படகு போனதை அவர் பார்த்திருக்கிறாரா. கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த கோடை வரை காத்திராமல் மறுவாரமே போய்வரத் தீர்மானித்தோம்.